பத்து லாரி, ஐந்து பெயர்: நாமக்கல் குடும்பங்களுக்கு ஒரு வரி வழிகாட்டி

பெரும் பணக்காரர்கள் சட்டப்படி வரியைக் குறைப்பது எப்படி? பணம் கைக்கு வருமுன்பே, அது யார் பெயரில், எந்த வகை வருமானமாக வர வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நாமக்கல்லில் நாலு வண்டி ஓட்டும் குடும்பம் மார்ச் கடைசியில்தான் ஆடிட்டரைத் தேடிப் போகிறது. அப்போது அவரால் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். ஏப்ரலிலேயே உட்கார்ந்தால் பெரிய முதலாளிக்குக் கிடைக்கும் சலுகைகளில் பலவும் உங்களுக்கும் கிடைக்கும். கீழே உள்ள கணக்கு 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி போட்டது. பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய சட்டத்தில் எண்கள் வேறு.

முதலில் ஆர்.சி. புக்குகளை எடுத்து மேசையில் வையுங்கள். ஆண்டின் எந்த நாளிலும் பத்து வண்டிக்கு மேல் உங்கள் பெயரில் இல்லை என்றால் 44ஏஇ பிரிவு உங்களுக்குப் பொருந்தும். ஃபைனான்ஸில் ஓடும் வண்டியையும் சேர்த்தே எண்ண வேண்டும். மொத்த எடை 12 டன்னுக்கு மேல் என்றால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய், அதற்குக் கீழே என்றால் வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. டீசல், டயர், டோல், தேய்மானம் எல்லாம் கழிந்ததாகவே கணக்கு. இதற்காகக் கணக்குப் புத்தகம் எழுத வேண்டியதில்லை. அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்ததாக நீங்கள் காட்டினால் அந்தத் தொகைக்கு வரி. லோடு கொடுக்கும் கம்பெனியிடம் பான் எண்ணோடு ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டால் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள்.

35 டன் வண்டி ஒன்றுக்கு மாதம் 35,000, ஆண்டுக்கு 4.20 லட்சம். பத்து வண்டியும் அப்பா பெயரில் இருந்தால் 42 லட்சம். வரியும் செஸ்ஸும் சேர்ந்து ஏறக்குறைய 8.74 லட்சம். அதே பத்தும் குடும்பத்தில் வயது வந்த ஐந்து பேரிடம் இரண்டிரண்டாக இருந்தால் ஆளுக்கு 8.40 லட்சம். வேறு வருமானம் இல்லாத தனிநபருக்கு 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி உண்டு. ஐந்து பேருக்கும் வரி இல்லை.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, பணம் யாருடையது என்பதையும் சட்டம் பார்க்கும். கணவன் பணத்தில் மனைவி பெயரில் வண்டி எடுத்தால் அந்த வருமானம் 64-ஆவது பிரிவின்படி கணவன் கணக்கிலேயே சேரும். மருமகளுக்குக் கொடுத்தாலும், 18 வயது ஆகாத பிள்ளைக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். வயது வந்த மகனுக்கோ மகளுக்கோ, பெற்றோருக்கோ தானமாகக் கொடுத்தால் சேராது. பெற்றுக்கொள்பவருக்கும் அந்தத் தானத்துக்கு வரி கிடையாது. தானப் பத்திரம் எழுதி, ஃபைனான்ஸ் இருந்தால் தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யை மாற்றுங்கள். அன்றிலிருந்து வாடகை அவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும், தவணையும் அங்கிருந்தே கட்டப்படட்டும். மனைவி பெயரில் எடுப்பதென்றால் அவர் சீதன நகை விற்ற பணமோ, அவர் அப்பா வீட்டுச் சொத்தில் வந்த பங்கோ முதலாக இருக்கட்டும். பில்லையும் பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

டிரைவர் பெயரில் வண்டி எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது பினாமி. வண்டி பறிமுதலாகும், ஒன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், மதிப்பில் கால் பங்கு வரை அபராதமும் உண்டு. உங்கள் வரிக்காக ஏழைத் தொழிலாளி ஒருவரை வழக்கில் இழுத்துவிடுவது பெரும் பாவம்.

பூர்வீகச் சொத்து இருந்தால் இந்து கூட்டுக் குடும்பத்துக்குத் தனி பான் எண் வாங்கலாம். அதற்கு 4 லட்சம் வரை வரி இல்லை, ஆனால் 12 லட்சத் தள்ளுபடி கிடையாது. சொந்தச் சம்பாத்தியத்தை அதில் போட்டால் வருமானம் போட்டவர் கணக்குக்கே திரும்பும். மகள்களுக்கும் அதில் சம பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே அந்த உரிமை வந்துவிட்டது. பான் எண் வாங்குமுன் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள்.

கோழிப்பண்ணைக்காரர்களுக்கு ஒன்று. தோட்டத்திலேயே பண்ணை இருந்தாலும் முட்டையில் வரும் லாபம் விவசாய வருமானம் ஆகாது. ஒருவர் பெயரில் 60 லட்சம் லாபம் வந்தால் சர்சார்ஜும் சேர்த்து வரி 15.79 லட்சம். கூட்டு நிறுவனமாகப் பதிந்து, பண்ணையில் உழைக்கும் பங்குதாரர்களுக்குச் சம்பளம் உண்டு என்று பத்திரத்தில் எழுதியிருந்தால், அந்த 60 லட்சத்தில் 37.80 லட்சம் வரை சம்பளமாகக் கழிக்கலாம். மீதி 22.20 லட்சத்துக்கு நிறுவனம் கட்டுவது 6.93 லட்சம். அப்பா, சித்தப்பா, இரண்டு மகன்கள் என்று நால்வர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 9.45 லட்சம்; வேறு வருமானம் இல்லையென்றால் அவர்களுக்கு வரி இல்லை. மனைவியைப் பங்குதாரராக்கிச் சம்பளம் கொடுத்தால், தொழில்நுட்பத் தகுதி இல்லாத பட்சத்தில் அதுவும் கணவன் கணக்கில் சேரக்கூடும். 2025 ஏப்ரலிலிருந்து இந்தச் சம்பளத்தில் 10 சதவீத டி.டி.எஸ். பிடிக்க வேண்டும், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

நிலம் விற்பதென்றால் முன்பணம் வாங்குமுன் தூரம் பாருங்கள். நகராட்சி, மாநகராட்சி எல்லையிலிருந்து மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியே இல்லை. தூரத்தை நேர்கோட்டில் அளப்பார்கள், ரோட்டுக் கணக்கு செல்லாது. எல்லைக்குள் இருந்தாலும், நீங்களோ பெற்றோரோ இரண்டு ஆண்டு வெள்ளாமை செய்த நிலம் என்றால், இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கி 54பி பிரிவில் விலக்குக் கேட்கலாம்.

எவ்வளவு குறைத்தாலும் ரிட்டர்ன் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அடுத்த வண்டிக்குக் கடன் கேட்டால் வங்கி மூன்று ஆண்டு ரிட்டர்னைத்தான் முதலில் கேட்கும். குடும்பத்தில் ஒருவர் சாலை விபத்தில் இறந்துபோனால், இழப்பீட்டைக் கணக்கிட நீதிமன்றம் அவருடைய ரிட்டர்னில் உள்ள வருமானத்தைத்தான் பெரும்பாலும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். 8 லட்சம் சம்பாதித்தவர் 2 லட்சம் என்று எழுதியிருந்தால், மிச்சம் 6 லட்சத்துக்கு அவர் மனைவியிடம் ஆதாரம் இருக்காது.