பனிச்சாலைக்கு ஓட்டுநர்

கேள்வி: நான்கு வருடமாக டிரெய்லர் லாரி ஓட்டுகிறேன். யெல்லோநைஃப் பக்கம் உறைந்த ஏரிகள் மேல் போகும் சாலையில் வேலை கிடைக்குமா? – ஒரு வாசகர், எட்மன்டன், கனடா

கிடைக்கும். ஆனால் ஜனவரியில் போய் நின்றால் பந்தி முடிந்தபின் இலை போட்ட கதைதான். அந்தச் சாலை பிப்ரவரியை ஒட்டித் திறந்து சுமார் எட்டு வாரத்தில் மூடிவிடும், அக்டோபரிலேயே விண்ணப்பியுங்கள். அந்தச் சாலை போவது வைரச் சுரங்கங்களுக்கு; ஆனால் சுரங்கங்களிடம் வேலை கேட்காமல், அவற்றுக்கு டீசல் ஏற்றிப்போகும் லாரி கம்பெனிகளைப் பிடியுங்கள். டிரெய்லர் லாரிக்கான கிளாஸ் 1 உரிமம், வழக்கில்லாத ஓட்டுநர் பதிவு, குளிரில் சங்கிலி மாட்டிப் பழகிய கை, இவைதான் முக்கியம். டேங்கர் ஓட்டியிருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். வேகப்பிரியரா? சுமையோடு மணிக்கு 25 கிலோமீட்டர்தான். மீறினால் பனிக்கு அடியில் அலை எழும்பிப் பாளத்தையே பிளந்துவிடும். நம்மூர் சைக்கிள்காரர் உங்களை முந்திக்கொண்டு போய்விடுவார், பரவாயில்லையா?