காதுக்கு வரும் சரக்கு: லேப்டாப்பில் நல்ல ஹெட்போன் ஒலி பெறும் வழி

நம்மில் பலருடைய கடையில் இன்று பேரேட்டுக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்பும் இடம் பிடித்துவிட்டது. வரி விளக்கக் கூட்டங்களை அதில் கேட்கிறோம். வெளியூர் மொத்த வியாபாரியுடன் விலை பேசுகிறோம். இரவு கடை சாத்தியபின் கணக்கு முடிக்கும்வரை பழைய பாட்டு கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் ஒலி தெளிவில்லை, இரைச்சல் வருகிறது, சொன்ன எண் காதில் விழவில்லை என்ற குறையும் கூடவே இருக்கிறது. பதினாறு என்று சொன்னது பதினேழு என்று கேட்டால் மூட்டைக் கணக்கே மாறிவிடுமல்லவா?

குறை தெரிந்தவுடன் நாம் செய்வது, விலை கூடிய ஹெட்போன் ஒன்றை வாங்குவது. பல வேளை அந்தப் பணம் வீண். காரணம், குறை இருந்த இடம் வேறு. பருப்பில் ஈரம் கண்டால் சாக்கை மட்டும் மாற்றி நாம் ஓய்வதில்லை. கொள்முதலிலா, லாரியிலா, கிடங்கிலா, எங்கே நனைந்தது என்று விசாரிக்கிறோம். ஒலிக்கும் அதே விசாரணைதான் தேவை.

ஒலி நம் காதுக்கு வருமுன் நான்கு இடங்களைக் கடக்கிறது: பதிவு, லேப்டாப்பின் அமைப்பு, எண்களை மின்னலையாக மாற்றும் சுற்று, கடைசியாக ஹெட்போன். இந்த நான்கில் எது மட்டமோ அந்த அளவுக்கே ஒலி கிடைக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பதிவின் தரம்

1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.யில், ஒலி ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து எழுதப்படுகிறது. இடம், வலம் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வினாடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். எம்.பி.3 முறையில் 128 கிலோபிட்டாகச் சுருக்கினால் இதில் பதினொன்றில் ஒரு பங்கே மிஞ்சும். காது கவனிக்காது என்று கணித்த பகுதிகளை நீக்கித்தான் இப்படிச் சுருக்குகிறார்கள். 256, 320 கிலோபிட் பதிவுகளைச் சி.டி.யிலிருந்து பிரித்தறிவது பெரும்பாலோருக்குக் கடினம். 'ஃப்ளாக்' என்னும் முறையில் ஒன்றுமே இழக்காமல் ஏறக்குறையப் பாதி அளவுக்குச் சுருக்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. 128-ல் சுருக்கியதை மீண்டும் 320-ஆக மாற்றினால், கோப்பின் அளவுதான் கூடும். போனது திரும்பாது. நொய்யைப் பெரிய சாக்கில் கட்டினால் அது முழு அரிசி ஆகிவிடாது. இணையத்தில் பாட்டுக் கேட்பவர்கள், அந்தச் செயலியின் அமைப்பில் ஒலித் தரம் உயர்ந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. லேப்டாப்பின் அமைப்பு

விண்டோஸ் லேப்டாப்பில் சவுண்ட் செட்டிங்ஸ் பகுதியில் நம் ஹெட்போனின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். லேப்டாப்பின் சிறிய ஸ்பீக்கரின் குறையை மறைக்க உதவும் இத்தகைய கூட்டல் வேலை, நல்ல ஹெட்போனில் சில வேளை பாட்டைக் கெடுத்துவிடும். ஒருமுறை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பார்க்கலாம். ஒலி செயற்கையாக எதிரொலித்தால், 'ஸ்பேஷியல் சவுண்ட்' என்பதையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். இவற்றுக்குச் செலவு ஒரு காசும் இல்லை.

3. புளூடூத்தில் ஒரு கண்ணி

வயரில்லாத ஹெட்போனில் பாட்டு நன்றாகக் கேட்கிறது, கூட்டத்தில் சேர்ந்தவுடன் பழைய டெலிபோன்போல் கரகரக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஹெட்போன் பழுதாகிவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம். அதிலுள்ள மைக் வேலை செய்யத் தொடங்கியதும், வழக்கமான புளூடூத் இணைப்பு பேச்சு முறைக்கு மாறிவிடுகிறது. பாட்டுக்கென இருந்த இரு பக்க ஒலி போய், வினாடிக்கு 8,000 அல்லது 16,000 அளவுகள் மட்டுமே உள்ள ஒற்றை ஒலி வருகிறது. சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மை மேல் அதிர்வுகளில்தான் இருக்கிறது. எண்கள் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிகாரம் எளிது. கூட்டச் செயலியின் அமைப்பில் மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கர் என்ற இடத்தில் ஹெட்போனையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது வயருள்ள ஹெட்போனையே பயன்படுத்த வேண்டும். புதிய சில கருவிகளில் இந்தக் குறையைப் போக்கும் முறை வந்திருக்கிறது. ஆனால் லேப்டாப், ஹெட்போன் இரண்டிலும் அந்த வசதி இருந்தால்தான் பயன்.

4. இரைச்சலின் இருப்பிடம்

வயர் செருகிய ஹெட்போனில் ரீங்காரம் கேட்டால், முதலில் சார்ஜரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரைச்சல் நின்றுவிட்டால், குறை சார்ஜரிலோ மின் இணைப்பிலோ இருக்கிறது. எர்த் சரியாக உள்ள வேறு பிளக் பாயிண்டிலும், லேப்டாப்புக்கு உரிய வேறு சார்ஜரிலும் சோதிக்கலாம். பழைய கட்டடக் கடைகளில் எர்த் இணைப்பைப் பார்த்துக்கொள்வது ஒலிக்கு மட்டுமல்ல, உயிருக்கும் பாதுகாப்பு.

பாட்டில் வாத்தியங்கள் கேட்டு, பாடுபவர் குரல் மட்டும் எங்கோ தொலைவில் மங்கிக் கேட்டால், பிளக் முழுதாக உட்காரவில்லை என்று பொருள். துளையில் சேர்ந்த தூசியும் காரணமாகலாம். மாவும் மசாலாவும் பறக்கும் நம் கடைகளில் இது நடக்கக்கூடியதே.

பேட்டரியில் ஓடும்போதும் இரைச்சல் தொடர்ந்தால், உள்ளிருக்கும் சுற்றின் குறை. அப்போதுதான் யு.எஸ்.பி.யில் செருகும் தனி ஒலி மாற்றி வாங்கலாம். கடைகளில் இதை 'டாக்' என்பார்கள். மற்றொரு சந்தர்ப்பமும் உண்டு. சாதாரண ஹெட்போன்களின் மின்தடை பெரும்பாலும் 16 முதல் 32 ஓம். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான சில வகைகள் 250, 300 ஓம் வரை இருக்கும். அவற்றுக்குச் சில லேப்டாப்களின் வலு போதாமல் ஒலி தாழ்ந்து கேட்கும். இந்த இரண்டு குறையும் இல்லாதவருக்கு இந்தச் செலவு அவசியமில்லை.

5. ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தல்

மேற்சொன்னவை சரியாக இருந்தால், மிச்சமுள்ள பணத்தை ஹெட்போனில் போடுவதே முறை. ஒலியில் பெரிய வேறுபாட்டைக் காட்டுவது அதுதான். பெட்டியில் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது மனிதக் காதின் எல்லை என்று பொதுவாகச் சொல்லும் அளவு. மலிவான சரக்கிலும் அதே எண் இருக்கும். காதை முழுக்க மூடும் வகை, கடைச் சந்தடியில் உதவும். திறந்த வகை, வீட்டில் அமைதியாகக் கேட்க ஏற்றது. காதுக்குள் செருகும் வகையில் ரப்பர் முனை சரியான அளவில் இல்லாவிட்டால் கீழ் ஒலி அனைத்தும் போய்விடும். கூட வரும் மற்ற அளவு முனைகளைப் போட்டுப் பார்க்காமல் குறை சொல்லக் கூடாது.

இரண்டை ஒப்பிடும்போது, ஒலி அளவைச் சமமாக வைப்பது முக்கியம். சற்று உரக்கக் கேட்பது நமக்கு உயர்ந்ததாகவே தோன்றும். தராசை முள் நேர்செய்யாமல் எடை போட நாம் சம்மதிப்போமா? நன்கு பழகிய ஒரே பாட்டை, எது எது என்று பார்க்காமல் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கடையில் ஹெட்போனும் விற்பவர்கள், வாடிக்கையாளருக்கும் இந்த முறையைக் காட்டலாம். விலை கூடியதைத் தள்ளிவிடுவதைவிட, அவர் திரும்பி வருவது நமக்கு லாபம்.

6. முதலுக்கு மோசம் வேண்டாம்

எல்லாவற்றிலும் பெரிய முதல் நம் காது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அளவின்படி, பெரியவர்கள் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம். மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. அளக்கும் கருவி இல்லாதவர்கள், ஒலி அளவை முழு அளவில் 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். ஹெட்போனைக் கழற்றியபின் காதில் ரீங்காரம் இருந்தால், அன்று அளவு மீறிவிட்டது என்று அறிய வேண்டும். தெளிவில்லாத ஒலியை நாம் உரக்க வைத்துக் கேட்கிறோம். ஆகவே தெளிவைத் தேடுவது சுகத்துக்காக மட்டுமன்று. தெளிவு கிடைத்தால் அளவைக் குறைக்கலாம்.

இன்றிரவு கடை சாத்தியபின் பதிவு, அமைப்பு, புளூடூத் மைக், சார்ஜர், பிளக் ஆகிய ஐந்தையும் வரிசையாகச் சோதித்துப் பார்ப்போம். கால் மணி நேர வேலை. அதன் பிறகும் குறை இருந்தால் மட்டும் கல்லாவைத் திறப்போம்.