தூண்டிற்பூச்சி கட்டிய கதை

சென்ற மார்கழியில் கல்விச் சுற்றுலாவாக இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டம் சென்றிருந்தோம். தீர்த்தன் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கும் ஆசை எனக்கு. ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி முடிய அங்கே தூண்டிலிடத் தடை! ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட பழுப்பு ட்ரவுட், குளிர்காலத்தில்தான் சரளைக் கற்களிடையே முட்டையிடுகிறது. 10 டிகிரி நீரில் அவை பொரிக்க 40 நாட்களுக்கு மேலாகும்; குளிர் கூடினால் இன்னும் நீளும். ஆற்றில் இறங்கி நடந்தாலே முட்டைகள் நசுங்கலாம். கரையிலேயே நின்றுவிட்டேன்.

தங்கிய வீட்டுப் பெரியவர் அடுப்பருகே அமர்ந்து பூச்சி கட்டப் பழக்கினார். முள்ளில் நூலை இறுக்கிச் சுற்றி, சேவலின் கழுத்திறகை அதன்மேல் வளைத்துச் சுற்றினால் பூச்சியின் கால்களைப் போல இழைகள் விரியும். நான் கட்டியவையோ வண்டுபோல் தடித்தன. "மார்ச்சிலும் நீர் சில்லென்றிருக்கும். மீன் துரத்தி வராது. சிறிதாகக் கட்டு, தம்பி" என்றார். நீர் குளிர்ந்தால் மீனின் உடலும் குளிர்ந்து, செரிமானம் தளரும் என்று வகுப்பில் படித்தது அப்போதுதான் விளங்கிற்று. ஐந்தை அவிழ்த்தேன். ஆறாவதை அவர் தம் தொப்பியில் செருகிக்கொண்டார்.