மூன்று கல் அடுப்பும் புதிய அடுப்பும்: போட்டிப் பொருள்களை ஒப்பிட்டு ஆராயும் முறை

புதிய பொருள் ஒன்றை அமைக்க முற்படுவோர், அதனைப் பயன்படுத்தப் போகிறவர் இன்று அதே வேலையை எதைக்கொண்டு செய்துவருகிறார் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அவர் கையில் ஏற்கெனவே உள்ள பொருளே புதிய பொருளுக்குப் போட்டி. அத்தகைய பொருள்களைப் பயனாளரின் இடத்திலேயே வைத்து, ஒரே அளவுகோலால் அளந்து, நிறைகுறைகளைக் கணக்கிடுவதே போட்டிப் பொருள் ஒப்பாய்வு எனப்படும். வாணிகத்திற்குரிய முறையாகத் தோன்றினும், இது கிராமப் பணியாளருக்கும் இன்றியமையாதது. பெங்களூரில் நடைபெற்ற விறகு அடுப்பு ஆராய்ச்சியைக் கொண்டு இதனை விளக்குவோம்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-ஆம் ஆண்டு, பேராசிரியர் அமுல்யா ரெட்டியின் முயற்சியால், கிராமங்களுக்கு விஞ்ஞானத்தைப் பயன்படுத்தும் பொருட்டு ‘அஸ்த்ரா’ என்னும் பிரிவு தோன்றியது. இப்பிரிவினர் அடுப்பை வரைபடத்தில் தொடங்கவில்லை. துமகூரு மாவட்டம் குணிகல் வட்டத்திலுள்ள புரா என்னும் சிற்றூரில், எவ்வேலைக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்பதை அளந்தனர். 1977-இல் அவ்வூரில் 56 குடும்பங்களும் 357 மக்களும் இருந்தனர். அவ்வூரார் பயன்படுத்திய சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு விறகிலிருந்தே கிடைத்தது. மண்ணெண்ணெயும் மின்சாரமும் அற்பமே. விறகில் மிகப்பெரும் பகுதி விலைக்கு வாங்கப்படாமல், பெண்களாலும் சிறுவர்களாலும் பொறுக்கப்பட்ட சுள்ளியே. சமையலுக்கு அடுத்தபடியாகக் குளிக்கும் வெந்நீருக்கும் கணிசமான விறகு செலவாயிற்று.

இச்செய்திகளின் பொருளைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். விறகுக்குக் காசு கொடாதவரிடம், “இவ்வடுப்பு உமக்குப் பணத்தை மிச்சப்படுத்தும்” என்று கூறுவதால் பயன் யாது? அவருக்கு மிச்சமாவது நடையும் நேரமும். குறைவது கண்ணெரிச்சலும் இருமலும். ஆகவே எதனை அளக்க வேண்டும் என்பதையே களஆய்வுதான் தீர்மானிக்கிறது.

பிற்பாடு அப்பிரிவினர் அமைத்த ‘அஸ்த்ரா ஒலெ’ மூன்று பாத்திரங்களை ஒருங்கே ஏற்பது. (கன்னட ‘ஒலெ’யும் நமது ‘உலை’யும் ஒரே வேர்ச்சொல்.) விறகைத் தாங்கும் இரும்புச் சட்டமும், மூடிய தீயறையும், புகைபோக்கியும் அதில் உண்டு. சோதனையில் அதன் வெப்பத்திறன் 30 சதவீதத்தைக் கடந்தது.

இனி, திறனை அளக்கும் வகையை மாணவர்க்கும் காட்டலாம். 5 கிலோகிராம் நீர் 25 பாகையில் உள்ளதெனக் கொள்வோம். பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நீர் அங்கு ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடும். இதனை மறந்து 100 என்று எழுதுவது மாணவர் அடிக்கடி செய்யும் பிழை. நீர் ஏற்ற வெப்பம் 5 × 72 = 360 கிலோகலோரி. இதற்கு 0.6 கிலோகிராம் உலர்ந்த விறகு எரிந்து, கிலோகிராமுக்கு 3,800 கிலோகலோரி வீதம் 2,280 கிலோகலோரி வெளிப்பட்டதென்றால், திறன் ஏறக்குறைய 16 சதவீதம். எஞ்சிய கரியை நிறுத்து, அதன் வெப்பத்தைக் கழித்தல் வேண்டும். ஈரவிறகாயின் கணக்கே மாறிவிடும்.

இங்கேதான் ஒப்பாய்வில் பலரும் இடறுகின்றனர். திறந்த அடுப்பின் திறன் 5 முதல் 10 சதவீதமே என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டு ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், காற்று வீசாத இடத்தில் கவனமாக எரித்தபோது, திறந்த நெருப்பும் 20 சதவீதத்தை ஒட்டிய திறன் காட்டியது. போட்டிப் பொருளைத் தாழ்த்தி அளந்தால் நம் பொருள் தாளில் மட்டுமே வெல்லும். பழைய அடுப்பையும் அதில் பழகிய கை எரிக்க வேண்டும். அளப்பவர் எரித்தால் அது ஒப்பீடாகாது.

மேலும், மூன்று கல் செய்யும் வேலைகள் பல. எந்த நீளக் கட்டையையும் அது ஏற்கும். எந்த அளவுப் பானைக்கும் கல்லை நகர்த்தலாம். இருட்டில் வெளிச்சமும் குளிரில் வெதுவெதுப்பும் தரும். பரணில் உள்ள தானியம் உலரவும் அதன் சூடு உதவும். உடைந்தால் பழுதுபார்க்கக் கொத்தனார் வேண்டா. குணிகல் வட்டாரத்தில் கேழ்வரகுக் களி அன்றாட உணவு. களியைத் துடுப்பால் அழுத்திக் கிண்டும்போது பானையும் அடுப்பும் தாங்கும் விசையைக் கொதிநீர்ச் சோதனை காட்டாது. சமையற்கட்டில் நின்று பார்த்தவரே அறிவர்.

நடுவணரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1983-இல் தொடங்கி 2002 வரை நடைபெற்றது. 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. பின்னர் நடத்திய ஆய்வுகளில் அவற்றுட் பல கைவிடப்பட்டிருந்தன. கட்டையைப் பிளக்க நேரமில்லாதவர் தீயறையின் வாயை இடித்துப் பெரிதாக்கினர். புகைபோக்கியில் கரி அடைத்தது. சட்டம் கழற்றி எறியப்பட்டது. இதனைக் கிராமத்தாரின் அறியாமை என்பதை யான் ஏற்கேன். வாயைப் பெரிதாக்கியவர், அமைப்பாளர் கேட்க மறந்த வினாவுக்கு விடையளித்தார் என்றே கொள்ள வேண்டும்.

ஆதலின் கள ஊழியர் கொதிநீர்ச் சோதனையுடன் நில்லாது, அதே குடும்பத்தில் ஒரு வாரம் பழைய அடுப்பிலும் ஒரு வாரம் புதிய அடுப்பிலும் செலவாகும் விறகை நாள்தோறும் நிறுத்து, உண்டவர் எண்ணிக்கையால் வகுத்து எழுதுக. விருந்து வந்த நாளும் திருவிழா நாளும் தனியே குறிக்கப்படல் வேண்டும். “அடுப்பு நன்றாக உள்ளதா?” என்று வினவினால், வந்தவர் மனம் நோகாதபடி “நன்று” என்பர், அதற்கு மாறாக, “நேற்று இரவு எதில் சமைத்தீர்கள்?” என வினவுக.

2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்திற்குப் பின் பல வீடுகளில் எரிவாயு அடுப்பும் வந்துள்ளது. ஆயினும் கொல்லையில் வெந்நீருக்கு மூன்று கல் இருக்கக் கூடும். ஏட்டில் இரண்டிற்கும் தனித்தனிக் கட்டம் வரைந்துகொள்க. உருளை தீர்ந்த தேதியையும் மறு உருளை வந்த தேதியையும் அருகே எழுதுக.