மனு நிலுவையில் இருக்கும்போது ஊருக்கு வரலாமா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் நமது உதவித்தொகையில் படித்த பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலையில் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்களில் கணிசமானோர் கிரீன் கார்டுக்கோ பி.ஆருக்கோ மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள். இங்கே ஒரு நிக்காஹ் முடிவானாலும், வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், முதல் போன் அவர்களுக்குத்தான் போகிறது. "உடனே கிளம்பி வா" என்கிறோம். அந்த ஒரு பேச்சுக்குக் கட்டுப்பட்டு அவர் விமானம் ஏறினால் பல வருடக் காத்திருப்பு வீணாகலாம் என்பது போன் செய்பவருக்குத் தெரிவதில்லை. சில வீடுகளில் பிள்ளைக்கே தெரிவதில்லை. அதனால்தான் இந்த இதழில் இதை எடுத்துக்கொண்டோம்.

சவூதியில் வேலை பார்த்தவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுக்கு இது சீக்கிரம் புரியும். அங்கே லீவில் வருவதற்கு முன் எக்ஸிட் ரீ-என்ட்ரி வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அமெரிக்காவிலும் மனு நிலுவையில் உள்ளவருக்கு ஏறத்தாழ அதே மாதிரி ஒரு காகிதம் தேவை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அமெரிக்க ஏர்போர்ட்டில் வெளியேறுபவரின் பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை போடும் குடியேற்ற மேசையே கிடையாது. காகிதம் இல்லாமலும் நிம்மதியாக விமானம் ஏறிவிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். தவறு நடந்துவிட்டது என்பது திரும்பிப் போகும்போதுதான் தெரியவரும்.

அந்தக் காகிதத்தின் பெயர் அட்வான்ஸ் பரோல். பரோல் என்றதும் சிறைச்சாலையை நினைக்க வேண்டாம்; முன்கூட்டியே வாங்கும் மறுநுழைவு அனுமதி, அவ்வளவுதான். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்பவர் ஐ-485 என்ற படிவத்தைப் போடுகிறார். அந்த மனு நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால், மனுவை அவரே கைவிட்டுவிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதிகாரி யாரும் மறுத்துத் தள்ள வேண்டியதே இல்லை. பரோலுக்கு ஐ-131 என்ற படிவம் போட வேண்டும். "போட்டுவிட்டேன், ரசீது வந்துவிட்டது" என்பது போதாது. அனுமதி கையில் வந்த பிறகே கிளம்ப வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஹெச்-1பி, எல்-1 விசாவில் இருப்பவர்களும், அவர்களைச் சார்ந்து ஹெச்-4, எல்-2 விசாவில் இருக்கும் மனைவி மக்களும், அந்த அந்தஸ்தைத் தக்கவைத்துக்கொண்டு, செல்லுபடியாகும் விசாவோடு திரும்பினால் பரோல் இல்லாமலே போய் வரலாம். நம் ஆட்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். "எங்கள் பையனின் ரூம்மேட் போன மாதம்தானே வந்து போனான்" என்ற ஒப்பீடும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த ரூம்மேட் ஹெச்-1பியில் இருந்திருப்பார். உங்கள் பையன் மாணவர் விசாவிலிருந்து நேராக மனுப் போட்டவராக இருக்கலாம். அல்லது மனு மூலம் கிடைத்த வேலை அனுமதியை நம்பி ஹெச்-1பியை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்கு மாறியவராக இருக்கலாம். அவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

விலக்கு உள்ளவரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரையின் தேதியைப் பார்க்க வேண்டும். அது முடிந்திருந்தால் இங்கே ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் மறுபடி வாங்கித்தான் திரும்ப முடியும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் தூதரகங்கள் வழக்கமான விசாப் பணிகளை நிறுத்தின. அதே ஜூனில் ஹெச்-1பி நுழைவுக்கே தடை உத்தரவு வந்து 2021 மார்ச் வரை நீடித்தது. சில வார லீவில் வந்தவர்கள் மாதக்கணக்கில் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அட்வான்ஸ் பரோல் கையில் இருப்பவருக்கு இந்த முத்திரை தேவையில்லை. ஆகவே ஹெச்-1பி இருந்தாலும் பரோலையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்பது நம் கருத்து.

குடும்பங்கள் அதிகம் தவறுவது இன்னொரு இடத்தில். மனு குடும்பத்துக்கு ஒன்று என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஆளுக்கு ஒன்று. கணவருக்கு ஓர் ஐ-485, மனைவிக்கு ஒன்று, கைக்குழந்தையானாலும் அதற்கு ஒன்று. பரோலும் அப்படியே ஆளுக்கொன்று. சிலருக்கு முன்னதாக வரும், சிலருக்குப் பின்னால் வரும். கணவருக்கு வந்துவிட்டது என்று மூவரும் டிக்கெட் போட்டால், காகிதம் வராத இருவரின் மனுவும் விழுந்துவிடும். மருமகள் பிரசவத்துக்கோ தங்கை கல்யாணத்துக்கோ தனியாக வருவதாக இருந்தால், கேட்க வேண்டியது அவருடைய காகிதத்தைப் பற்றி. மகனுடையதை அல்ல.

பெற்றோர் விஷயம் இதைவிட நுட்பமானது. மகனோ மகளோ அமெரிக்கக் குடிமக்களாகிவிட்டார்கள், விசிட் விசாவில் அத்தா அம்மாவை அழைக்கிறார்கள், அங்கே இருக்கும்போதே நிலைமை மாறிப் பெற்றோருக்கும் மனுப் போடுகிறார்கள். போட்ட நாளிலிருந்து அந்தப் பெரியவர்கள் பரோல் வரும்வரை எங்கும் போக முடியாது. விசிட் விசாவில் பத்து வருடம் செல்லும் முத்திரை இருந்தாலும் அது இந்த மனுவைக் காப்பாற்றாது. இந்த நிலையில் இங்கே அடையாறில் பேத்திக்கு நிக்காஹ் தேதி குறித்துவிடுகிறோம். அல்லது ரமலானில் அங்கிருந்தே உம்ராவுக்கு அழைத்துப் போகலாம் என்று மகன் ஆசைப்படுகிறார். அழகான எண்ணம்தான். ஆனால் ஜித்தாவிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்புவதும் வெளிநாட்டிலிருந்து நுழைவதுதான். புனிதப் பயணம் என்று சட்டத்தில் தனி விலக்கு இல்லை. இங்கே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், நிக்காஹ், மய்யித் என்று வந்துபோக வேண்டிய கடமைகள் நிறைய உள்ள பெற்றோருக்கு, சென்னையில் இருந்தபடி மனுவை நடத்தி மும்பை தூதரகத்தில் குடியேற்ற விசா வாங்குவதே நிம்மதி என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த வழியில் காத்திருக்கும் காலத்தில் உம்ராவுக்குப் போகலாம், வரலாம், மனுவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இடையில் விசிட் விசா புதிதாகக் கேட்டால் மறுக்கப்பட வாய்ப்புண்டு. நிரந்தரமாகத் தங்க எண்ணம் உள்ளவர் என்பது அவர்கள் பதிவிலேயே இருக்கிறது.

விசாக் காலம் முடிந்தும் தங்கிவிட்டவர்கள் நிலை கடினமானது. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு வருடமோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறினால் பத்து வருடம் நுழையத் தடை. மனு நிலுவையில் இருந்த ஓர் இந்தியத் தம்பதி, வயதான பெற்றோரைப் பார்க்க அட்வான்ஸ் பரோலில் இந்தியா வந்து திரும்பினார்கள். அவர்களுக்கும் இந்தத் தடை பொருந்தும் என்று வழக்கு நடந்தது. 2012இல் அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம், பரோல் வாங்கிக்கொண்டு போய்த் திரும்புவது அந்தத் தடையைக் கொண்டுவரும் 'வெளியேற்றம்' ஆகாது என்று தீர்ப்பளித்தது. அர்ரபள்ளி, யெர்ரபெள்ளி வழக்கு என்று இதைச் சொல்வார்கள். தாய் தந்தையைப் பார்க்க வந்த ஒரு பயணத்தால் பல்லாயிரம் பேருக்கு வழி பிறந்தது. இருந்தாலும் இந்த நிலையில் உள்ளவர் வக்கீலைக் கேட்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்கக் கூடாது.

இனி மவுத்து நேரத்தைப் பற்றி. இதை எழுத மனம் கனக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நம் வழக்கப்படி மய்யித்தை விரைவாக அடக்கம் செய்கிறோம். அமெரிக்காவிலிருந்து எவ்வளவு வேகமாக வந்தாலும் ஒரு நாளாவது ஆகும். பெரும்பாலும் மகனால் ஜனாஸாவுக்கு வந்து சேர முடிவதில்லை. கைக்கு வராத ஜனாஸாவுக்காக மனுவையும் இழக்கச் சொல்வது நியாயமா என்று மூத்தவர்கள் யோசிக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் அங்கேயே காயிப் ஜனாஸா தொழலாம். ஹனஃபி மத்ஹபில் அது இல்லை என்றாலும் துஆவும் ஸதகாவும் எங்கிருந்தும் சேரும். கணவரை இழந்த தாய் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பார். உண்மையில் மகன் பக்கத்தில் தேவைப்படும் காலம் அதுதான். அதற்குள் முறையாகக் காகிதம் வாங்கி வர முயலலாம்.

அவசரத்துக்கு அமெரிக்க அரசே ஒரு வழி வைத்திருக்கிறது. நெருங்கிய உறவினர் இறந்தாலோ கடும் நோயில் இருந்தாலோ, குடியேற்றத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் நேரம் வாங்கி நேரில் போய் அவசரப் பரோல் கேட்கலாம். கேட்டால் கிடைத்தே தீரும் என்று உறுதி இல்லை. ஆதாரம் பலமாக இருக்க வேண்டும், அந்த ஆதாரத்தை அனுப்பும் பொறுப்பு இங்கே இருக்கும் நம்முடையது. ஆஸ்பத்திரியின் லெட்டர்ஹெட்டில், நோயாளியின் பெயர், சேர்த்த தேதி, நோயின் நிலை எழுதி டாக்டர் கையெழுத்திட்ட ஆங்கிலக் கடிதம் வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் கடிதத்திலும் இருக்கட்டும். அப்துல் காதரும் அப்துல் காதிரும் அவர்களுக்கு இரண்டு ஆட்கள். மவுத்தானால் மாநகராட்சிப் பதிவை 21 நாள் வரை தள்ளிப்போடாமல் உடனே செய்யுங்கள். சான்றிதழ் வருவதற்குள் அடக்கஸ்தலக் கடிதம் வேண்டுமானால் ஜமாஅத்தில் பேசி வாங்கித் தர நமது அறக்கட்டளை உதவும்.

மற்ற நாடுகளில் விதி வேறு வேறு. பிரிட்டனில் நிரந்தர அனுமதிக்கு மனுப் போட்டவர், முடிவு வருமுன் நாட்டை விட்டுக் கிளம்பினால் மனு திரும்பப் பெறப்பட்டதாகிவிடும். ஆஸ்திரேலியாவில் பிரிட்ஜிங் விசா ஏ வைத்திருப்பவர் வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப முடியாது. அங்கே இருக்கும்போதே பிரிட்ஜிங் விசா பி வாங்க வேண்டும்.

கனடா பயணத்தில் தாராளம். வெளியே போனதாலேயே பி.ஆர். மனு பொதுவாக விழாது. திரும்பி நுழைய விசா செல்லுபடியில் இருக்க வேண்டும், அதுதான் கவலை. ஆனால் அங்கே வேறொரு பள்ளம் இருக்கிறது, அது நம் நிக்காஹ்களைத் தொடுகிறது. மனு நிலுவையில் உள்ள மாப்பிள்ளை லீவில் வருகிறார். மயிலாப்பூரில் நிக்காஹ் நடக்கிறது. "பி.ஆர். வரட்டும், பிறகு காட்டிக்கொள்ளலாம், பதிவும் அப்புறம் செய்யலாம்" என்று யாராவது யோசனை சொல்கிறார்கள். பி.ஆர். ஆகும்வரை நடக்கும் கல்யாணம், பிறக்கும் குழந்தை எதுவானாலும் அவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால், குடிவரவு விதி 117(9)(டி)யின்படி அந்த மனைவியைப் பின்னால் குடும்ப வகையில் அழைக்கவே முடியாது. 2019 செப்டம்பரில் ஒரு சலுகை கொண்டுவந்தார்கள். தற்காலிகமானது, எல்லோருக்கும் பொருந்தாதது. அதை நம்பி யாரும் பெண்ணைக் கொடுக்க வேண்டாம். நிக்காஹ் பதிவையும் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாளுக்குள் செய்துவிடுங்கள்.

வர முடியாத மாப்பிள்ளைக்கு வக்கீல் வைத்தோ வீடியோவிலோ நிக்காஹ் முடிக்கலாமா என்று கேட்டு வருபவர்களும் உண்டு. வக்கீல் வைப்பதற்கு மார்க்கத்தில் இடமிருக்கிறது. அதன் ஷரத்துகளை உங்கள் இமாமிடம் கேளுங்கள். ஆனால் இருவரும் நேரில் இல்லாமல் நடந்த கல்யாணத்தை 2015 ஜூனிலிருந்து கனடா ஏற்பதில்லை. அமெரிக்காவோ, அதன் பிறகு இருவரும் சேர்ந்து வாழ்ந்திருந்தால்தான் ஏற்கும். பெண் வீட்டார் தேதி குறிப்பதற்கு முன் மாப்பிள்ளையின் மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, பயண அனுமதி கையில் இருக்கிறதா என்பதை வாயால் கேட்பதோடு விடாமல் காகிதமாக வாங்கிப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.