பாட்டிலுக்குள் ஸ்டிக்கர் உரிப்பது எப்படி?

ஒரு தண்ணி பாட்டிலைக் கற்பனை பண்ணிக்கோங்க. உள்பக்கம், அடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. வாய் வழியா இரண்டு நேரான கம்பிகளை மட்டும் விட்டு, அதைக் கிழியாம உரிக்கணும். முடியுமா?

மலக்குடலின் அடிப்பகுதியில் வரும் புற்றுநோயை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கும் சர்ஜனுக்கு இதுதான் வேலை.

எது ஸ்டிக்கர்?

மலக்குடல் சுமார் 15 செ.மீ. நீளம். அதைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு. புற்றுநோய் முதலில் பரவும் நிணநீர்க் கணுக்கள் அதற்குள்தான் இருக்கின்றன. அந்த உறையைக் கிழிக்காமல் முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று 1982-ல் இங்கிலாந்து சர்ஜன் பில் ஹீல்ட் எழுதினார். இன்றும் அதுதான் அடிப்படை விதி.

ஆனா கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தால் சிக்கல். இடுப்பெலும்புக் கூடு கீழே போகப் போக புனல் மாதிரி குறுகும். பக்கத்திலேயே சிறுநீர், பாலுறவு நரம்புகள். அடியில் மலத்தை அடக்கும் சுருக்குத்தசை. அதையும் சேர்த்து எடுத்தால் வாழ்நாள் முழுக்க வயிற்றில் பை மாட்டிக்கணும்.

நம்ம மெக்கானிக்ஸ் இங்கே

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றில் போடும் சின்னத் துளைதான் ஆதாரப்புள்ளி. கை வலப்பக்கம் போனா, கருவியின் நுனி இடப்பக்கம் போகும். நேரான கருவிக்கு நான்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடம்தான்: மேல்-கீழ், இட-வலம், உள்ளே-வெளியே, சுழற்சி. ரோபோ கருவியின் நுனியில் ஒரு மணிக்கட்டு இருக்கு. அது இன்னும் இரண்டைச் சேர்க்குது. குறுகிய இடத்திலும் நுனி வளையும்.

அப்போ ரோபோதான் ஜெயிச்சுதா? அவசரப்படாதீங்க. 2017-ல் வெளியான ரோலார் ஆய்வில் 471 நோயாளிகள். பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டிவந்தது லேப்ராஸ்கோப்பியில் 12.2%, ரோபோவில் 8.1%. புள்ளியியல்படி இந்த வித்தியாசம் உறுதியானதல்ல. 2022-ல் சீனாவின் 11 மருத்துவமனைகளில் நடந்த ரியல் ஆய்வில், வெட்டிய ஓரத்தில் புற்றுநோய் தென்பட்டது 7.2%-லிருந்து 4.0% ஆகக் குறைந்தது. இது நல்ல சேதி.

"மேலிருந்து கஷ்டம்னா, ஆசனவாய் வழியா கீழிருந்து போவோமே" என்றும் யோசித்தார்கள். ஐடியா அழகுதான். ஆனா நார்வேயில் சிலருக்கு நோய் எதிர்பாராத வகையில் சீக்கிரமே திரும்பியதால், அங்கே அந்த முறையை நிறுத்தி வைத்தார்கள்.

கடைசியா

துளை எவ்வளவு சின்னது என்பது வெற்றியின் அளவுகோல் அல்ல. உறை கிழியாம வந்துச்சா, ஓரம் சுத்தமா இருக்கா, நோயாளி பிறகு எப்படி வாழ்கிறார்? இவைதான் அளவுகோல். சுருக்குத்தசை தப்பினாலும், ஒரு நாளில் பலமுறை கழிப்பறைக்கு ஓடுபவர்கள் உண்டு. புது மெஷின் டிசைன் பண்ணும்போது நாமும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எதை அளக்கிறோம்?

இன்னொன்று. மலத்தில் ரத்தம் வந்தால் "மூலம்தான்" என்று நாமே முடிவு பண்ண வேண்டாம். வீட்டில் அப்பா, அம்மா கூச்சப்பட்டு மறைத்தால், டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க. கட்டி சின்னதா இருக்கும்போதே கண்டுபிடித்தால், அந்தச் சுருக்குத்தசையைக் காப்பாற்றும் வாய்ப்பும் கூடும்.