பழைய காரின் கியர்பெட்டி ஆயில்: மாற்றுவதா, விட்டுவிடுவதா?

ஒரு லட்சம் கிலோமீட்டரைக் கடந்த தானியங்கி கியர் கார் வைத்திருப்போர், பணிமனைகளில் இருவேறு அறிவுரைகளைக் கேட்கின்றனர். "ஆயிலை உடனே மாற்றிவிடுங்கள்" என்பார் ஒருவர். "இத்தனை நாள் மாற்றாததை இனித் தொடாதீர்கள், தொட்டால் கியர்பெட்டியே போய்விடும்" என்பார் மற்றொருவர். பயன்படுத்திய கார் வாங்கக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் பலரும் இவ்வினாவை நம்மிடம் எழுப்புகின்றனர். இரு கூற்றுகளிலும் ஓரளவு உண்மை உண்டு. எது எப்போது பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மலைப்பாதையும் கியர்பெட்டியும்

மூணாறிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது மாட்டுப்பட்டி. அங்குள்ள ஒருவர் தேனிக்குச் செல்ல வேண்டுமெனில் மூணாறு, தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டை அடைந்து, கொண்டை ஊசி வளைவுகளில் சமவெளிக்கு இறங்க வேண்டும். திரும்பும்போது அத்தனை உயரத்தையும் ஏற வேண்டும். சமவெளியில் 1,00,000 கிலோமீட்டர் ஓடிய காரும், இப்பாதையில் அதே தொலைவு ஓடிய காரும் ஒன்றல்ல. கார் நிறுவனங்களின் கையேடுகள் மலைப்பாதை ஓட்டத்தைப் பொதுவாகக் 'கடினப் பயன்பாடு' என்று வகைப்படுத்தி, ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக் கூறுவதன் காரணம் இதுவே.

இறக்கத்தில் இது உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த செய்தியாகிறது. தாழ்ந்த கியரில் இறங்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. கியர்பெட்டியின் உள்ளே கிளட்ச் வழுக்கினால் அப்பிடிப்பு குறைந்து, முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். நெடிய இறக்கத்தில் சூடேறிய பிரேக் தன் பிடிப்பை இழக்கக்கூடும்.

ஆயில் செய்யும் வேலை

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ராமேட்டிக்' என்னும் தானியங்கி கியர்பெட்டியை அறிமுகப்படுத்தியது. இன்றைய தானியங்கி பெட்டியில் ஆயிலுக்குப் பல பணிகள் உண்டு. இன்ஜினின் சுழற்சியை டார்க் கன்வர்ட்டர் வழியாகக் கடத்துவது அது. அழுத்தத்தால் கிளட்ச் தட்டுகளை இறுக்கிக் கியரை மாற்றுவது அது. வெப்பத்தை வெளியே கொண்டுசெல்வதும் அதுவே. வழுவழுப்பும் வேண்டும், கிளட்ச் பற்றும் அளவுக்கு உராய்வும் வேண்டும். முரண்பட்ட இவ்விரண்டையும் தருபவை ஆயிலில் கலந்துள்ள வேதிப்பொருள்கள். ஒரு காலத்தில் இதற்காகத் திமிங்கில எண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தபோது, ஈடான செயற்கைப் பொருளைத் தேட வேண்டியதாயிற்று.

இப்பொருள்கள் வெப்பத்தால் சிதைகின்றன. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொது விதி. ஆகவே 'வாழ்நாள் முழுதும் மாற்றத் தேவையில்லை' என்னும் சொற்றொடரை அப்படியே ஏற்பதற்கில்லை. கியர்பெட்டி தயாரிப்பில் புகழ்பெற்ற ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, தன் தானியங்கி பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றுமாறு பரிந்துரைக்கிறது.

அச்சம் எங்கிருந்து வந்தது?

ஆயில் மாற்றியபின் கியர்பெட்டி செயலிழந்த நிகழ்வுகள் உண்மையே. அவற்றின் காரணங்கள் மூன்று. முதலாவது, வண்டி வழுக்கத் தொடங்கிய பிறகே பலர் ஆயிலை நினைக்கின்றனர். அந்நிலையில் தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். இரண்டாவது, தேய்ந்த தட்டுகளின் துகள்கள் பழைய ஆயிலில் மிதந்து சிறிது பிடிப்பைத் தந்திருக்கலாம். புதிய ஆயில் அத்துணையை நீக்கிவிடுகிறது. மூன்றாவது, இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்துக் கழுவும்போது, படிந்திருந்த அழுக்கு பெயர்ந்து வால்வுகளின் நுண்துளைகளை அடைக்கலாம்.

வணிகவியலில் இதற்கு ஒப்பான நிலை ஒன்று உண்டு. தணிக்கையில் நட்டம் வெளிப்பட்டால், அந்நட்டத்தைத் தணிக்கையாளர் உண்டாக்கியதாக எவரும் கூறமாட்டார். பெரும்பாலான நிகழ்வுகளில் ஆயில் மாற்றம் அத்தகைய தணிக்கையே. எனினும் கழுவும் முறை தவறானால், தணிக்கையே கணக்கைக் குலைத்துவிடும்.

முடிவெடுக்கும் முறை

முதலில் பெட்டியின் வகையை அறிக. 2014இல் மாருதி செலேரியோ வழியாகப் பரவலான ஏ.எம்.டி., அடிப்படையில் சாதாரணக் கியர்பெட்டியே. அதற்குரிய ஆயில் வேறு. சி.வி.டி. வகைக்கும் இரட்டைக் கிளட்ச் வகைக்கும் தனித்தனி ஆயில் உண்டு. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றினால் பெட்டி பாழாகும். கையேட்டில் குறிப்பிட்ட தரக்குறியீடு கொண்ட ஆயிலை மட்டுமே கேட்டு வாங்குக.

அடுத்து, நிலையை அறிக. கியர் மாறும்போது இன்ஜின் வீணே இரைகிறதா? 'டி' நிலையில் இட்டபின் வண்டி நகரத் தாமதமாகிறதா? ஆயில் கருத்துத் தீய்ந்த வாடை வீசுகிறதா? அடித்தட்டிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. உலோகச் செதில்கள் இருப்பது தேய்மானத்தின் அடையாளம்.

இக்குறைகள் எவையும் இல்லையெனில் ஆயிலை மாற்றலாம். அழுத்தக் கழுவலைத் தவிர்த்து, வடித்து நிரப்பும் முறையையே கேட்க வேண்டும். டார்க் கன்வர்ட்டரில் தங்குவதால் ஒரே முறையில் முழு ஆயிலும் வெளிவராது. ஒவ்வொரு முறையும் 40 விழுக்காடு வெளியேறுவதாகக் கொண்டால், பழைய ஆயில் முதல் முறைக்குப் பின் 60, இரண்டாம் முறைக்குப் பின் 36, மூன்றாம் முறைக்குப் பின் ஏறத்தாழ 22 விழுக்காடாகக் குறையும்; குறைந்துசெல் மதிப்பு முறையில் தேய்மானம் கணக்கிடுவது போன்றதே இது. இடையிடையே சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, மும்முறையில் முடிப்பது பழைய பெட்டிக்கு இதமானது. வடிகட்டி மாற்றத்தக்கதாயின் அதையும் மாற்றுக. ஆயில் அளவை, நிறுவனம் குறித்த வெப்பநிலையிலேயே சரிபார்க்கச் செய்க.

குறைகள் ஏற்கெனவே தோன்றியிருப்பின், ஆயில் மருந்தாகாது. பெட்டியைப் பிரித்துப் பழுதுபார்க்கும் செலவை எழுத்தில் மதிப்பீடாகப் பெற்று, காரின் இன்றைய விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்க. அதுவரை மலை இறக்கத்திற்கு அவ்வண்டியைப் பயன்படுத்தாதிருத்தல் நன்று.

கணக்கு என்ன சொல்கிறது?

எடுத்துக்காட்டாக, மும்முறை மாற்றத்திற்கு ரூ.15,000 ஆகும் என்றும், பெட்டி பழுதானால் ரூ.1,00,000 ஆகும் என்றும் கொள்வோம். பழுதுக்கான வாய்ப்பை நூற்றில் 15 அளவுக்கு இம்மாற்றம் குறைத்தால் செலவு ஈடாகிவிடும். மலைப்பாதையில் நாள்தோறும் ஓடும், நல்ல நிலையிலுள்ள வண்டிக்கு இது ஏற்கத்தக்க கணக்கே. ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடி, விரைவில் விற்கப்படவிருக்கும் காருக்கு அவ்வாறு கூற இயலாது.

தேய்மானத்தாலும் இயந்திரக் கோளாறாலும் வரும் செலவை வழக்கமான மோட்டார் காப்பீடு ஏற்பதில்லை. ஆகவே அச்செலவுக்கு நாமே ஒதுக்கீடு செய்ய வேண்டும். மாதம் ரூ.1,500 வீதம் 24 மாதத் தொடர் வைப்பில் சேமித்தால், வட்டி நீங்கலாகவே ரூ.36,000 சேரும். பயன்படுத்திய காருக்குக் கடன் பெறுவோர், மாதத் தவணையோடு இத்தொகையையும் சேர்த்தே தம் திருப்பிச் செலுத்தும் ஆற்றலைக் கணக்கிடுதல் வேண்டும்.

வாங்கும் முன் கியர்பெட்டி ஆயில் மாற்றிய ரசீதை விற்பவரிடம் கேளுங்கள். ரசீது இல்லையெனில், மாற்றவில்லை என்றே கொண்டு விலை பேசுங்கள். உங்கள் காரின் ரசீதுகளைக் கோப்பில் வைத்திருங்கள். விற்கும் நாளில் அவையும் விலை பெற்றுத் தரும்.